அஜந்தாவைப் படியெடுத்தவர்கள்

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் ஆயனச் சிற்பியின் ஏக்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சிக்கு அப்பால் வனத்தின் நடுவே கல்லும் உளியுமாக வாழும் அம்மனிதர், அஜந்தாவின் வர்ணங்கள் பல நூற்றாண்டுகளாக எவ்வாறு மங்காமல் இருக்கின்றன என்னும் இரகசியத்தை அறிவதற்காகவே துடித்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் பரஞ்சோதியும் ஓலையைப் பெற்றுக்கொண்டு நெடும்பயணம் புறப்படுகிறான். பள்ளிப் பருவத்தில் அந்நாவலைப் படித்த நாள்முதல் அஜந்தா என்றாலே அழியா வண்ணம் என்றுதான் என் மனத்தில் பதிந்திருந்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கக்கூடும்.

கல்லூரி நாட்களில் ஒரு பழைய புத்தகக் கடையில் முதலாம் குகையின் பத்மபாணி ஓவியத்தின் வண்ண அச்சு ஒன்று கிடைத்தது. ஓரங்கள் பழுப்பேறிய அந்தத் தாளின்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலால் கோடுகளைத் தொட்டு வரைய முயன்றேன். மகுடம் ஒருவாறு வந்தது. வலக்கையிலுள்ள நீலோற்பலமும் வந்தது. சாய்ந்த முகத்திலிருந்து கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கும் கோடு மட்டும் ஏழெட்டு முறை வரைந்தும் வரவில்லை. தாளுக்கு அடியில் கோடு தெளிவாகத் தெரிகிறது. என் பென்சில் அதன்மேல்தான் செல்கிறது. எடுத்துப் பார்த்தால் அது கழுத்தாக இல்லை, ஒரு குழாயாக இருக்கிறது. அச்சிலிருந்து படியெடுப்பதே இத்தனை பாடு என்றால், குகையின் இருட்டில் ஏணியில் நின்று சுவரிலிருந்து நேரே படியெடுத்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்ற எண்ணம் அன்றுதான் தோன்றியது. அவர்களைப் பற்றிப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

'படி' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லின்மேல் ஈரத்தாளை அறைந்து மை ஒற்றி எடுப்பதை மைப்படி என்பர். அங்கே எழுத்து தானாகவே தாளில் பதிகிறது. எடுப்பவரின் கைக்கு அதில் பெரிய பங்கில்லை. ஓவியத்தைப் படியெடுப்பது அத்தகையதன்று. பழைய கோடு ஒவ்வொன்றும் புதிய கை ஒன்றின் வழியாகத்தான் வெளிவர வேண்டும். அந்தக் கை எங்கே பயின்ற கை என்பதைப் பொறுத்தே படியும் அமைகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால்தான் பின்வரும் வரலாறு விளங்கும்.

வாகோரா ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையில் குடையப்பட்ட சுமார் முப்பது குகைகளே அஜந்தா. 1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி அவற்றைக் கண்டார். கண்டதோடு நில்லாமல் பத்தாம் குகையின் தூண் ஒன்றில் தம் பெயரையும் தேதியையும் கீறியும் வைத்தார். அந்நாளில் குகைக்குள் மண்மேடு நிறைந்திருந்ததால், அதன்மேல் நின்று அவர் எழுதிய பெயர் இன்று ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் குகைகளின் பழைய ஓவியங்கள் கிறிஸ்துவுக்கு முந்தியவை. நாம் அஜந்தா என்றதும் நினைக்கின்ற 1, 2, 16, 17 ஆம் குகைகளின் ஓவியங்களோ கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் ஹரிசேனனின் காலத்தையொட்டித் தீட்டப்பட்டவை.

ஆயனர் தேடிய வர்ண இரகசியம் இன்று இரகசியமன்று. கரடுமுரடான எரிமலைப் பாறையின்மேல் வைக்கோலும் உமியும் கலந்த மண்சாந்து. அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அது உலர்ந்தபின் பசை சேர்த்துக் குழைத்த வண்ணங்கள். செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குப் புகைக்கரி, சுண்ணாம்பு வெண்மை ஆகியவை எல்லாம் எளிய பொருள்களே. தொலைவிலிருந்து வந்தது நீலம் ஒன்றுதான். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லை அரைத்துப் பெற்றது. ஈரச் சுண்ணத்தில் தீட்டும் ஐரோப்பியச் சுவரோவியத்தில் வண்ணம் சுண்ணத்தோடு சுண்ணமாக இறுகிவிடும். இங்கே அது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. மண்சாந்து பாறையை விட்டுப் பெயர்ந்தால் ஓவியமும் உதிர்ந்துவிடும். மங்காத வர்ணம் என்பது கல்கி நமக்குத் தந்த இனிய கனவு. வரலாறு அதற்கு நேர்மாறானது. அஜந்தா கண்டறியப்பட்ட நாளிலிருந்தே உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த உதிர்வைக் கண்ட கவலைதான் படியெடுப்போரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

முதலில் வந்தவர் ராபர்ட் கில். இவர் நம் சென்னை ராணுவத்தில் பணியாற்றியவர். 44 ஆம் சென்னைக் காலாட்படையின் அதிகாரி. கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் 1843-இல் குகைக்கோயில்கள் குறித்து லண்டனில் படித்த கட்டுரையின் விளைவாக, ராயல் ஆசியக் கழகம் கிழக்கிந்தியக் கம்பெனியை வேண்டிக்கொள்ள, 1844-இல் கில் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சில ஆண்டுகளில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏறக்குறைய இருபது ஆண்டுகளை விழுங்கியது. அஜந்தா கிராமத்திலேயே குடியேறி, அவ்வூர்ப் பெண் ஒருத்தியுடன் வாழ்ந்து, காய்ச்சலையும் வௌவால்களையும் பொறுத்துக்கொண்டு, மூல அளவிலேயே பெரிய பெரிய கித்தான்களில் எண்ணெய் வண்ணத்தால் படியெடுத்து ஒவ்வொன்றாக லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவை சிடன்ஹாமில் இருந்த பளிங்கு மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அம்மாளிகையின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. காட்சியில் வைக்காதிருந்த சிலவற்றைத் தவிர, கில்லின் உழைப்பு முழுவதும் ஒரே நாளில் சாம்பலாயிற்று. அவர் பின்னரும் அஜந்தாவை விட்டு நீங்கவில்லை. 1879-இல் இறந்த அவருடைய கல்லறை புசாவலில் இருக்கிறது.

அடுத்து வந்தவர் பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ். 1872 முதல் 1885 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, குளிர்காலந்தோறும் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அஜந்தாவுக்குச் சென்றார். மாணவர்களில் பெஸ்தன்ஜி பொமன்ஜி என்ற பார்சி இளைஞரும் ஒருவர். நூற்றுக்கணக்கான படிகள் உருவாயின. அவையும் லண்டனுக்குப் போயின. அங்கே தென் கென்சிங்டனில் 1885-இல் ஏற்பட்ட தீயில் அவற்றிலும் பல அழிந்தன. எஞ்சியவற்றைக் கொண்டு 1896-97-இல் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கிரிஃபித்ஸ் வெளியிட்ட நூல்தான் உலகத்துக்கு அஜந்தாவை அறிமுகப்படுத்தியது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். புழுதியும் புகையும் படிந்து மங்கிக் கிடந்த ஓவியங்களைத் தெளிவாகப் பார்ப்பதற்காகக் கிரிஃபித்ஸின் குழுவினர் சுவரின்மேல் வார்னிஷ் பூசினர். பூசியவுடன் வண்ணங்கள் நனைந்த கூழாங்கல்போல் பளிச்சென்று எழும், உண்மைதான். நாளடைவில் அதே வார்னிஷ் மஞ்சளாகி, பழுப்பாகி, புழுதியையும் ஈர்த்து வைத்துக்கொண்டு ஓவியத்தின்மேல் ஒரு திரையாக இறுகிவிட்டது. நிஜாம் அரசு 1920-22-இல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் வல்லுநர்களை அழைத்துவந்தபோது அவர்கள் பெயர்ந்த சாந்தை அரும்பாடுபட்டு ஒட்டவைத்துக் காத்தார்கள். ஆனால் அவர்களும் மேலே அரக்குப் பூச்சு ஒன்றைப் பூசிவிட்டார்கள். அதைக் கரைத்து எடுப்பதிலேயே பிற்காலத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழிந்தன. ஓவியத்தைக் காப்பதற்காகப் படியெடுத்தார்கள்; படியெடுப்பதற்காக ஓவியத்தைக் கெடுத்தார்கள்; படியோ தீயில் போயிற்று. பாதுகாப்பு என்ற கணக்கில் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்த முயற்சியைத் தோல்வி என்றே எழுத வேண்டும். தப்பிய கித்தான்களில் சில, இன்று சுவரில் காணாமற்போன பகுதிகளைக் காட்டுகின்றன என்பது மட்டும் இக்கணக்கில் வரவாக நிற்கிறது.

ஆயினும் என் கேள்வி வேறு. படியெடுத்தவர்களின் கைக்கு என்ன கிடைத்தது?

கில்லும் கிரிஃபித்ஸும் எண்ணெய் வண்ணத்தில் பயின்றவர்கள். எண்ணெய் வண்ணம் ஒளியையும் நிழலையும் குழைத்து உருவத்தைத் திரட்டும். அஜந்தாவின் வழி அதுவன்று. அங்கே முதலில் செங்காவியால் உருவத்தின் புறக்கோட்டை இழுக்கிறார்கள். உள்ளே வண்ணத்தை நிரப்புகிறார்கள். இறுதியாகக் கரும்பழுப்பாலோ கறுப்பாலோ மறுபடியும் கோடு இழுத்து உருவத்தை முடிக்கிறார்கள். நிழல் என்று ஒரு திசையிலிருந்து விழுவது எதுவுமில்லை. உடலின் ஓரங்களைச் சற்றே கருமையாக்கி, மூக்கின் தண்டிலும் உதட்டிலும் மோவாயிலும் ஒரு தீற்று வெளிச்சம் வைத்தால் முகம் சுவரிலிருந்து முன்னே வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் தாங்குவது கோடு. அக்கோடு ஒரே தடிமனில் ஓடுவதுமில்லை. மோவாயின் கீழும் அக்குளிலும் அழுந்தித் தடித்து, தோளின் மேற்புறத்தில் மயிரிழையாய் மெலிகிறது. நான் பென்சிலால் இழுத்தது ஏன் குழாயாயிற்று என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

பெஸ்தன்ஜி பொமன்ஜி பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியரானார். பார்சிக் குடும்பங்களின் வாழ்க்கையை ஐரோப்பிய எதார்த்த முறையில் தீட்டினார். அழகான ஓவியங்கள் அவை. அவற்றில் அஜந்தாவின் சாயலைத் தேடினால் கிடைக்காது. அத்தனை குளிர்காலங்கள் அச்சுவர்களின் முன் நின்ற கை, வேறு பாடத்தையே தன் பாடமாகக் கொண்டுவிட்டது. குறையாக இதைச் சொல்லவில்லை. படியெடுத்தல் என்பது தானாகவே எதையும் கற்றுத்தருவதில்லை என்பதற்கு அவர் ஒரு சான்று.

1909-இல் வந்தவர்களின் கதை வேறுவிதமானது. அவ்வாண்டுக் குளிர்காலத்திலும் அடுத்த குளிர்காலத்திலும் அஜந்தாவில் முகாமிட்டவர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. இத்தாலியச் சுவரோவிய முறைகளில் தோய்ந்தவர். போட்டிசெல்லியின் ஓவியங்களைப் பழைய முறையிலேயே படியெடுத்துப் பயின்றவர். சென்னினோ சென்னினி என்ற பழைய இத்தாலிய ஓவியர் எழுதிய கைந்நூலை 1899-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஓவியம் கற்க வருபவன் பல ஆசான்களைத் தேடி அலையாமல் மிகச் சிறந்த ஒருவரைத் தேர்ந்து இடைவிடாது படியெடுத்து வரவேண்டும், அப்போதுதான் அவ்வாசானின் இயல்பு அவனிடம் ஒட்டும் என்பது சென்னினியின் அறிவுரைகளுள் ஒன்று. அந்நூலை வரிவரியாக மொழிபெயர்த்த ஒருவர் அஜந்தாவுக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம். பொருத்தமான தற்செயல்தான்.

சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் அபனீந்திரநாத் தாகூர் தம் மாணவர்களை ஹெரிங்ஹாமுக்கு உதவியாகக் கல்கத்தாவிலிருந்து அனுப்பினார். நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார், சமரேந்திரநாத் குப்தா, மைசூர்ச் சித்திரகாரர் மரபில் வந்த வெங்கடப்பா ஆகியோர் அவர்கள். ஹைதராபாத்திலிருந்து சையது அகமதுவும் பஸ்லுதீனும் வந்தனர். ஹல்தாருக்கு அப்போது வயது பத்தொன்பது. நந்தலாலுக்கு இருபத்தேழு.

இவர்களைக் கிரிஃபித்ஸின் மாணவர்களிடமிருந்து வேறுபடுத்துவது திறமையன்று, தேவை. பம்பாய் மாணவர்களுக்கு வரையும் முறை ஒன்று ஏற்கெனவே கற்பிக்கப்பட்டிருந்தது. கல்கத்தா இளைஞர்களோ, ஐரோப்பிய முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு மாற்று எது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள். அதுவரை அவர்களுக்குக் கிடைத்திருந்தவை முகலாயச் சிற்றோவியங்களும் ஜப்பானிய நீர்வண்ண முறையும். இரண்டும் உள்ளங்கை அளவிலும் மடி அளவிலும் செய்யும் வேலை. அபனீந்திரநாதரின் பள்ளியில் வண்ணத்தைக் கழுவிக் கழுவிப் பனிமூட்டம்போல் ஆக்கும் பழக்கம் வேறு. அப்பனிமூட்டத்தில் கோடு கரைந்துபோய்விடும். அழகுதான், கொஞ்சம் சோகையான அழகு என்பது என் தனிக்கருத்து.

அத்தகையவர்கள் திடீரென ஆள் உயரத்துக்கு மேற்பட்ட உருவங்களின்முன் நிறுத்தப்பட்டார்கள். பதினேழாம் குகையின் முன்மண்டபத்தில் ஓர் ஓவியம் உண்டு. ஞானம் பெற்ற புத்தர் கையில் திருவோட்டுடன் கபிலவாஸ்துவுக்குத் திரும்பி வந்து, தம் சொந்த வீட்டு வாசலிலேயே பிச்சைக்கு நிற்கிறார். எதிரே யசோதரையும் சிறுவன் ராகுலனும். புத்தரின் உருவம் பேருருவாக உயர்ந்து நிற்க, தாயும் மகனும் அவர்முன் கீழே மிகச் சிறியதாக நிற்கிறார்கள். தொலைவினால் சிறுத்த உருவங்கள் அல்ல அவை. அந்தக் கணத்தில் அவர் அவர்களுக்கு எத்தனை எட்டாதவராகிவிட்டார் என்பதே அளவாகியிருக்கிறது. மகனை முன்னே தள்ளும் தாயின் கையிலும் அண்ணாந்த இரு முகங்களிலும் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. இதை நின்று பார்ப்பவர் வியப்பார், வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார். மூல அளவிலேயே படியெடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. புத்தரின் தோளிலிருந்து பாதம் வரை இறங்கும் கோட்டை மணிக்கட்டை அசைத்து வரைய முடியாது. தோளிலிருந்தே கை வீச வேண்டும். மேசையில் குனிந்து வரைந்து பழகியவன் நின்று வரையக் கற்கிறான். எங்கே மூச்சை அடக்க வேண்டும், எந்த இடத்தில் தூரிகையை அழுத்த வேண்டும் என்பது உடம்பில் ஏறுகிறது.

நந்தலாலின் பிற்கால வேலை முழுவதிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 1921-இல் குவாலியர் அரசுக்காக ஹல்தாருடனும் சுரேந்திரநாத் கருடனும் பாக் குகை ஓவியங்களைப் படியெடுக்கச் சென்றார். சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் ஆசானாகி, மாணவர்களை அங்கேயே சுவர்களில் வரையவைத்தார். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தியடிகளின் விருப்பப்படி தம் கையால் எண்பதுக்கும் மேற்பட்ட பலகைப் படங்களைத் தீட்டினார். மத்தளம் கொட்டுபவர், பஞ்சு அடிப்பவர், மாவு அரைக்கும் பெண் என்று எல்லாம் கிராமத்து மனிதர்கள். அவற்றில் போதிசத்துவர் எவருமில்லை; மகுடமும் தாமரையும் இல்லை. வங்காளத்துப் பட ஓவியத்தின் வேகமே முதலில் கண்ணில் படும். ஆனால் தோளிலிருந்து வீசிய அந்தத் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டைப் பாருங்கள். அது 1909-இன் குளிர்காலத்தில் கிடைத்த கோடு. அவருடைய சக மாணவர்களில் சிலர் சாய்ந்த கண்ணையும் நீண்ட விரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் அதையே வரைந்துகொண்டிருந்தார்கள். அஜந்தாவின் உடையை எடுத்துக்கொண்டு உடம்பை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். அக்காலத்து மாத இதழ்களில் வந்த வண்ணப் படங்களைப் புரட்டியவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஹெரிங்ஹாமின் முடிவு துயரமானது. இந்தியாவிலிருந்து திரும்பியபின் அவர் மனநலம் குலைந்தது. தம்மை யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. 1929-இல் இறக்கும்வரை மருத்துவ விடுதிகளிலேயே வாழ்ந்தார். அவர்களுடைய படிகளைக் கொண்டு இந்தியக் கழகம் 1915-இல் லண்டனில் வெளியிட்ட தொகுப்பைப் பார்க்கும் நிலையில் அவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. உதவியாளராக வந்த சையது அகமது பின்னர் நிஜாம் அரசில் அஜந்தா குகைகளின் காப்பாளராகவே ஆனார்.

இன்னொரு தீயையும் சொல்ல வேண்டும். தாகூரின் அழைப்பில் 1916-இல் இந்தியாவுக்கு வந்த அராய் கம்போ என்னும் ஜப்பானிய ஓவியர், தம் நாட்டவர் சிலருடன் சேர்ந்து அஜந்தாவைப் படியெடுத்தார். ஜப்பானில் படியெடுத்தல் என்பது ஓவியக் கல்வியின் அங்கமாகவே போற்றப்பட்டது. தாழ்ந்த வேலையாக எவரும் கருதியதில்லை. தோக்கியோவுக்குக் கொண்டுபோன அப்படிகள் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1923 செப்டம்பரில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில் அவையும் போயின. அஜந்தாவின் படிகளுக்கும் நெருப்புக்கும் என்ன பகையோ தெரியவில்லை.

அராய் கம்போ முதுமையில் மற்றொரு படியெடுப்பில் ஈடுபட்டார். நாரா அருகே ஹோரியூஜி ஆலயத்தின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் அஜந்தாவோடு அடிக்கடி ஒப்பிடப்பட்டவை. தாமரை ஏந்தி, இடை வளைத்து நிற்கும் போதிசத்துவர் அங்கும் உண்டு. அவற்றைப் படியெடுக்கும் பணி 1940-இல் தொடங்கியது. அராய் 1945-இல் இறந்தார். பணி தொடர்ந்துகொண்டிருக்கையில், 1949 ஜனவரி 26 அதிகாலையில் மண்டபம் தீப்பற்றியது. குளிருக்காகப் படியெடுப்போர் வைத்திருந்த மின்சார மெத்தையின்மீது சந்தேகம் விழுந்தது. இம்முறை எரிந்தது படி அல்ல, மூலம். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியங்கள் நிறமிழந்து கருகின. 1967-68-இல் ஜப்பானிய ஓவியர்கள் பழைய படிகளையும் நிழற்படங்களையும் முன்னே வைத்துக்கொண்டு அவ்வோவியங்களை மீண்டும் வரைந்தார்கள். இன்று அந்த மண்டபத்தில் பக்தர்கள் காண்பது அவற்றைத்தான்.

தமிழகத்துக்கு இந்தக் கோடு வந்த வழி நேரானதன்று. அபனீந்திரநாதரின் மாணவரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அப்பள்ளியில் பயின்ற எஸ். ராஜம் அஜந்தா முறையையே தம் முறையாகக் கொண்டார். தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் எப்படி இருந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கும்போது நம் மனத்தில் எழும் முகங்கள் பெரும்பாலும் அவர் வரைந்தவையே. சங்கீத சபைகளின் சுவரில் தொங்கும் அப்படங்களை அடுத்த முறை காணும்போது, தாழ்ந்த இமைகளையும் தம்புராவைப் பற்றிய விரல்களையும் சற்று நின்று பாருங்கள்.

அந்தப் பழைய வண்ண அச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் பென்சிலை விட்டுவிட்டு ஒரு முடித்தூரிகையும் செங்காவியும் வாங்கி வந்தேன். மேசையை ஒதுக்கிவிட்டு, தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு வரைந்து பார்த்தேன். கழுத்து இன்னும் வரவில்லை. தோள் ஒருவாறு வந்திருக்கிறது.